'ஆமாங்க சிஸ்டர்' என்றால் 70 மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் நலவாழ்வுப் பக்கத்தில், தனக்குள் எழும் உணர்ச்சி இன்னது என்று கண்டுகொள்ளவும் அதைச் சொல்லவும் ஒருவருக்கு எவ்வளவு சிரமம் (அலெக்ஸிதைமியா என்று இதற்குப் பெயர்) இருக்கிறது என்று அளக்கும் 20 கேள்விகளை வெளியிட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொல்லி, 61 அல்லது அதற்கு மேல் வந்தால் 'இந்த மனநோய் உங்களுக்கு இருக்கிறது' என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பக்கத்தை யாரோ படம் பிடித்து எங்கள் ஊர் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கட்டபெட்டில் டீக்கடை முதல் பஸ் ஸ்டாப் வரை 'உனக்கு எவ்வளவு வந்துச்சு?' என்பதுதான் பேச்சு. அதில் ஒரு பெண்ணுக்கு 65. கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். 'இதை மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா சிஸ்டர்?' என்று என் வீட்டுக்கே வந்து கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வித்தாள் எனக்குப் புதிதல்ல. மனநலம் படிக்கும் மாணவி ஒருவர் ஆராய்ச்சிக்காக எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது, படிக்கத் தெரியாதவர்களுக்கு இதை வாசித்துக் காட்டும் வேலை என்னிடம் வந்தது. நல்ல பெண். பொறுமையாகக் கேள்விக்குக் கேள்வி எனக்கு விளக்கினார். இதைப் பற்றிய கட்டுரைகளையும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது கற்றதையும், வாசித்துக் காட்டும்போது கண்டதையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. டொராண்டோ அளவுகோல் என்று சொல்லப்படும் இந்த 20 கேள்விகளில் 4, 5, 10, 18, 19 ஆகிய ஐந்தையும் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். 'என் உணர்வை என்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது' என்பது நான்காவது கேள்வி. அதற்கு 'முழுக்கச் சரி' என்று 5 போடுகிறவருக்குச் சிரமம் இல்லை என்றுதானே பொருள்? ஆகவே 5 போட்டால் 1, 4 போட்டால் 2 என்று மாற்றிக்கொண்டுதான் கூட்ட வேண்டும். உங்கள் பக்கத்தில் இந்தக் குறிப்பே இல்லை. அந்தப் பெண் இந்த ஐந்துக்கும் 5 போட்டிருந்தாள். மற்ற பதினைந்தில் அவளுக்கு 40. நீங்கள் சொன்னபடி கூட்டினால் 65. முறைப்படி கூட்டினால் 45. இந்த அளவுகோலில் 51 வரை சிரமம் இல்லை என்று கணக்கு. 52 முதல் 60 வரை இடைப்பட்ட நிலை. அந்த இடைநிலையையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். மனசில் உள்ளதை நன்றாகச் சொல்லத் தெரிந்த பெண்ணைப் பார்த்து உனக்குச் சொல்லத் தெரியாது, அது நோய் என்று அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

அடுத்தது, இது நோயே அல்ல. அலெக்ஸிதைமியா என்ற பெயரை 1973இல் வைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ். அவரும் ஜான் நெமையாவும், மனக்கஷ்டம் உடம்பு வழியாக வெளிப்படுகிறது என்று கருதப்பட்ட நோயாளிகளிடம் பேசும்போது, அவர்களில் பலருக்குத் தங்கள் உணர்வைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்று கவனித்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1963இல், பாரிஸில் மார்ட்டி, தெ மியூசான் என்ற இருவர் இதே மாதிரி ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள், தனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் அதில் வராது. இது ஒரு மனிதரின் இயல்பு. சிலரிடம் கூடுதலாக, சிலரிடம் குறைவாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ இது தனி நோயாக இல்லை. பொதுமக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தச் சிரமம் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒருவர் மனச்சோர்வில் இருக்கும்போது இந்த மதிப்பெண்ணும் ஏறும், சோர்வு தெளியும்போது ஓரளவு இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ட மார்க்கை ஆயுளுக்கும் ஒருவர் மேல் ஒட்டிவிடக் கூடாது.

அதற்காக இந்த அளவுகோலே வெட்டி வேலை என்று நான் சொல்ல வரவில்லை. கனடாவில் டெய்லரும் அவரோடு இருந்தவர்களும் 1985இல் 26 கேள்விகளோடு தொடங்கியது, குறை கண்டு திருத்தி, 1994இல் பேக்பி, பார்க்கர், டெய்லர் மூவரும் 20 கேள்விகளாக ஆக்கியது. ஏழு கேள்விகள் உணர்வை அடையாளம் காண்பது பற்றி. ஐந்து, அதை எடுத்துச் சொல்வது பற்றி. மீதி எட்டும், ஒருவர் மனம் உள்ளே திரும்பிப் பார்க்கிறதா, வெளி விஷயங்களிலேயே நிற்கிறதா என்பது பற்றி. உலகம் முழுக்கப் பல மொழிகளில் பயன்படுகிறது. இந்தியில் 1996இலேயே முறையாக மொழிபெயர்த்துச் சரிபார்த்து வெளியிட்டார்கள். அளக்க வேண்டிய விஷயம்தான். எதில் வைத்து, யாரை, எப்படி அளக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

எஸ்டேட்டில் நான் வாசித்துக் காட்டியதைச் சொல்கிறேன். மாலையில் கொழுந்து எடை போட்டு முடித்து, சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் மருத்துவமனை வராந்தாவில் வந்து உட்காருவார்கள். ஐப்பசி மழை. நனைந்த பிளாஸ்டிக் கொங்காணியைக் கழற்றிக்கூட வைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டும், பிள்ளை வந்திருக்கும். சிஸ்டர் கூப்பிட்டாரே என்று வந்தவர்கள். நான் ஒரு கேள்வி படிப்பேன். 'ஆமாங்க சிஸ்டர்.' அடுத்தது. 'ஆமாங்க.' அதற்கடுத்தது முந்தினதற்கு நேர் எதிரான கேள்வி. அதற்கும் 'ஆமாங்க சிஸ்டர்.' தலைமுறை தலைமுறையாகக் கங்காணி கேட்டாலும், மேஸ்திரி கேட்டாலும், துரை கேட்டாலும் இந்த ஒரு பதில்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இலங்கையில் இருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள் பாதி. அங்கேயும் அதே தேயிலை, அதே பதில். மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள் என்பது பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்குத் தெரிகிறது. தாளுக்குத் தெரியாது.

நீங்களே கூட்டிப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று 4 போட்டால் நேரான பதினைந்துக்கு 60, தலைகீழான ஐந்துக்கு 2 வீதம் 10, மொத்தம் 70. 'ரெண்டும்தான்' என்று எல்லாவற்றுக்கும் நடுவில் 3 போட்டால் சரியாக 60, கோட்டுக்கு ஒரு மார்க் கீழே. எல்லாவற்றுக்கும் 'இல்லைங்க' என்று 2 போட்டால் 50, சிரமமே இல்லாதவர். மூன்று பேரும் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கவே வேண்டாம். ஆமாம் சொல்லிப் பழகியவரைத் தாள் ஒரு பக்கம் தள்ளுகிறது, இல்லை சொல்லிப் பழகியவரை மறுபக்கம் தள்ளுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். எந்தச் செவிலியரும் முதலில் பட்டையைத்தான் மாற்றுவார், மாத்திரையை எடுத்துக் கொடுக்க மாட்டார்.

அதில் ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. (யாரென்று தெரியாதபடி இந்தக் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 'டாக்டர்களுக்கே புரியாத உடம்புத் தொந்தரவுகள் எனக்கு இருக்கின்றன' என்பது ஒரு கேள்வி. 'முழுக்கச் சரி' என்றார். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், பின்னந்தலையில் பாரம் என்று எத்தனையோ முறை காட்டியிருக்கிறார். கீழே ஒரு மருத்துவமனையில் நாடியைக்கூடப் பிடிக்காமல் 'டென்ஷன்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதே' என்று வைட்டமின் எழுதி அனுப்பியிருந்தார்கள். பிறகு நாங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7 சொச்சம். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டியது. அந்த ரத்தத்தோடு சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தால் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? நல்ல டாக்டர்கள் பார்த்து, எல்லாச் சோதனையும் செய்து, அதற்கும் பிறகு புரியாத தொந்தரவு என்றால் அது ஒன்று. டாக்டர் பார்க்கவே இல்லை என்றால் அது வேறு. இந்த மலையில் இந்தக் கேள்வி அந்த அம்மாவின் மனசை அளந்ததா, அவருக்குக் கிடைத்த வைத்தியத்தை அளந்ததா?

இன்னொரு கேள்வி வந்தது. மனம் சரியில்லாதபோது அது வருத்தமா, பயமா, கோபமா என்று தெரிவதில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'மூணும்தான் சிஸ்டர். பெரியவன் குடிச்சிட்டு வர்ற சத்தம் லைன் முக்குல கேக்கும். கேட்டதும் வயிறு சுருங்கிக்கும், அது பயம். கதவத் தொறந்து மூஞ்சியப் பாத்ததும் ஆத்திரம் வரும். சோத்தப் போட்டு வச்சா பாதில தூங்கிடுவான் பாருங்க, அப்ப அவங்கப்பன் ஞாபகம் வந்து அழுகையா வரும். எதுன்னு கேட்டா எதச் சொல்றது?' மாணவி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதற்குக் கட்டம் இல்லை. 'தெரியவில்லை' என்ற பக்கம்தான் டிக் விழுந்தது. அந்த அம்மாவுக்கு மொத்தம் 68. என் பணிக்காலத்தில் தன் மனசை இவ்வளவு துல்லியமாக, நேரம், இடம், வயிறு, கண்ணீர் என்று பிரித்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

இதற்கு நேர் எதிராக ஒருவர். எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவர். அரைத்த தூள் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது, வாசனையை வைத்தே 'இப்ப டிரையருக்கு ஏத்தலாம்' என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் டீ மேக்கரே மறுபேச்சுப் பேச மாட்டார். கூர்மை இல்லாத மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. மனைவி புற்றுநோயில் கோயமுத்தூரில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் ஷிஃப்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு வயிற்று வலி. கீழே அனுப்பி எண்டோஸ்கோப்பி வரை பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. 'கேஸ் டிரபிள் சிஸ்டர்' என்று வந்து மாத்திரை வாங்கிப் போவார்.

அவர் படித்தவர். தாளைத் தானே வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்து நிரப்பினார். என்ன உணர்ச்சி என்று எனக்குக் குழப்பம் வருவதுண்டு என்ற கேள்விக்கு 'இல்லை'. என் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை என்பதற்கும் 'இல்லை'. நிஜமாகவே அவருக்குக் குழப்பம் இல்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தானே அது என்னவென்று குழம்ப முடியும்? மொத்தம் 47. சிரமம் இல்லாதவர் பட்டியல்.

தாள் எல்லாம் முடிந்து மாணவி போன பிறகு, ஊசி போட்டுக்கொள்ள வந்த அவரிடம் நான் கேட்டேன். உங்க வீட்டம்மா தவறின அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது? அவர் யோசித்துச் சொன்னார். மார்ச்சுவரியில் எங்கெங்கே கையெழுத்து வாங்கினார்கள், ஆம்புலன்சுக்கு எவ்வளவு பேசினார்கள், மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியது, கோத்தகிரி ரோட்டில் ஏறும்போது பனிமூட்டம் இறங்கி டிரைவர் முன்னால் எதுவும் தெரியாமல் மெதுவாக ஓட்டியது, எல்லாம் வரிசையாக வந்தது. சரி, உங்களுக்கு எப்படி இருந்தது என்று மறுபடியும் கேட்டேன். மழுப்பவில்லை, பேச்சை மாற்றவில்லை. மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், 'விடுங்க சிஸ்டர்' என்பார்கள். இவர் கண்ணை மூடித் தேடினார். தேடிவிட்டு, 'என்னவோ ஒண்ணு இருந்துச்சு சிஸ்டர். அதுக்கு மேல தெரியல' என்றார். அப்போது அவர் வலது கை மேல்வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

பாஸ்டனிலும் பாரிஸிலும் டாக்டர்கள் பார்த்து எழுதினார்களே, அந்த மனிதர் எங்கள் ஃபேக்டரியில் அந்தத் தாளில் 47 வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் உணர்வைத் தானே அறியாதவரிடம் 'உங்கள் உணர்வை நீங்கள் அறிவீர்களா?' என்று எழுதிக் கேட்பதில் இருக்கும் சிக்கல் இது. ஆராய்ச்சியாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. டொராண்டோ குழுவே 2006இல், எதிரே உட்கார்ந்து பேசிக் கேட்கும் 24 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறையைக் கொண்டுவந்தது. ஒருவர் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் 'ஒரு உதாரணம் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். உதாரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் மதிப்பெண். கூட இருப்பவர்களைக் கேட்டு நிரப்பும் 33 கேள்விகள் கொண்ட தாளும் 2000 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 2018இல் வந்த 24 கேள்விகள் கொண்ட ஒன்று, நல்ல உணர்வுகளை அறிவதில் உள்ள சிரமத்தையும் கஷ்டமான உணர்வுகளை அறிவதில் உள்ள சிரமத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இத்தனை இருக்க, எல்லாவற்றிலும் எளிதாக அச்சடிக்கக் கூடியதை மட்டும் எடுத்து, அதையும் பாதியாகப் போட்டது எனக்கு மனவருத்தம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் லேனும் அவரோடு இருந்தவர்களும் 1990இல் கொண்டுவந்த ஒரு முறை எனக்குப் பிடிக்கும். அதில் ஆமாம், இல்லை கிடையாது. இருபது சிறு காட்சிகளைக் கொடுத்து, அந்த இடத்தில் உங்களுக்கு எப்படி இருக்கும், எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்கிறார்கள். மரியாதைக்குத் தலையாட்டித் தப்ப முடியாது. ஆனால் அதிலும் உடம்பில் என்ன தோன்றியது என்று மட்டும் சொன்னால் கீழ்ப்படிதான். உணர்ச்சியின் பெயரைச் சொன்னால்தான் மேல்படி. அந்த அம்மா மாதிரி உடம்பிலிருந்து தொடங்கி உணர்ச்சிக்கு வந்து சேர்கிறவர்களுக்கு, வந்து சேரும் வரை பேசவிட்டால் எந்தப் படியும் எட்டும். 'வயிறு சுருங்குது' என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டால் கீழ்ப்படியோடு போச்சு.

வெளி விஷயங்களில் மனம் நிற்பது பற்றிய எட்டுக் கேள்விகளில் சில நம் பக்கத்துக்குப் பொருந்தவே இல்லை. உணர்வுகளைப் பற்றிப் பேசுவதைவிட அன்றாட வேலைகளைப் பற்றிப் பேசுவதே பிடிக்கும் என்றால் மதிப்பெண் ஏறும். கனமான மனப்போராட்டக் கதையைவிட லேசான பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பார்க்கப் பிடிக்கும் என்றாலும் ஏறும். காலையில் மஸ்டருக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பகல் முழுதும் அட்டைக்கடியோடு பறித்து, இரவு எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு உட்காருகிற பெண் சிரிப்பு நிகழ்ச்சியைப் பார்ப்பாள். அதில் அவள் உள்ளத்தைப் பற்றி என்ன தெரிந்துவிட்டது? கனடாவில் சீன வம்சாவளி மாணவர்களையும் ஐரோப்பிய வம்சாவளி மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. சீன வம்சாவளியினரின் மதிப்பெண் கூடியிருந்தது முக்கியமாக இந்த எட்டுக் கேள்விகளில்தான். அவரவர் வளர்ந்த மதிப்புகளோடு அது போகிறது என்று கண்டார்கள். எந்தக் குறையையும் அது காட்டவில்லை. 'உன் உணர்வைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லேன் என்று பிறர் என்னிடம் சொல்வதுண்டு' என்று ஒரு கேள்வி இருக்கிறது. லைன் வீட்டில் எந்தப் பெண்ணிடம் யார் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? ஆமாம் சொல்லிப் பழகிய எல்லோரும் இதற்கு மட்டும் 'இல்லைங்க' என்றார்கள். அதனால் அந்த ஒரு கேள்வியில் எல்லோருக்கும் மார்க் குறைந்தது. பேசாமல் சும்மா இருக்கும்போதுகூட ஒருவரோடு நெருக்கத்தை உணர முடிகிறது என்ற பதினெட்டாவது கேள்வியை மட்டும் வாசித்ததும் அத்தனை பேர் முகமும் மலர்ந்தது. 'அது யாருங்க எழுதுனது?' என்று ஒருவர் கேட்டார்.

பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தச் சிரமம் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019இல் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் 'ஏன் அழறே? வாயத் தொறந்து சொல்லு' என்று கேட்டு, பதில் வராவிட்டால் திமிர் என்று முட்டி போட வைத்த பையனை நான் மருந்து போட்டு அனுப்பியிருக்கிறேன். அவனுக்குச் சொல்ல மனமில்லாமல் இல்லை. 'எங்க வலிக்குது, தொட்டுக் காட்டு' என்றால் காட்டிவிடுவான். ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உங்கள் இணைப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் நான் மனசாரப் பாராட்டுவேன்.

டிரையர்காரருக்கு என்ன செய்தேன் என்று யாராவது கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டதால் தைரியமாக ஒன்று செய்ய முடிந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கும் சின்ன நோட்டு ஒன்றைக் கொடுத்து, வலி வரும் நேரம், அதற்கு முன் எங்கே இருந்தார், யார் கூட இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று மட்டும் எழுதச் சொன்னேன். மனசு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அழகாக, கட்டம் போட்டு எழுதுவார். சில வாரம் கழித்து அவரே நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நைட் ஷிஃப்ட்ல வர்றதில்ல சிஸ்டர். செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டத் தொறக்குற நேரத்துலதான் வருது' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வலி அடியோடு போகவில்லை, மாத்திரை குறைந்தது. செகண்ட் ஷிஃப்ட் நாட்களில் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அது அவராக எடுத்த முடிவு.

அதனால்தான் மனநலம் படிக்கிறவர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் உங்கள் பத்திரிகை மூலமாக ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தன்னார்வலர் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் அந்த ஊர்ப் பெண்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள். 'டென்ஷன் இருக்கா?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். உடம்பில் எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதே சமயம் உடம்புத் தொந்தரவு என்று வருகிறவரை ரத்தம்கூட எடுக்காமல் 'மனசுதான்' என்று அனுப்பும் பழக்கத்துக்கு இது சாக்காகிவிடக் கூடாது. முதலில் சோதனை. எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் மற்றப் பேச்சு.

ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்போல எல்லாவற்றுக்கும் கோயமுத்தூர் போக வேண்டியதில்லை. இங்கே படிக்கிற பிள்ளைகள் இந்த அளவுகோலைத் தமிழில் கையாளும் முன், மொழிபெயர்ப்பை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்க வைத்து ஒப்பிட வேண்டும். அது மட்டும் போதாது. லைன் வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து, 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு பட்டுச்சு?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் தமிழ் மட்டும் இல்லை. படுகர் மக்கள் இருக்கிறார்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று அவரவர் பேச்சோடு வாழ்கிற பழங்குடியினர் இருக்கிறார்கள். தமிழில் 'ஆமாம்' என்று டிக் போட்டதை வைத்து அவர்கள் மனசைப் பற்றி யாரும் எதுவும் எழுத வேண்டாம்.

உங்களிடம் கேட்பது, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம். தமிழ்க் கேள்விகள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை, யாரிடம் சரிபார்க்கப்பட்டவை என்றும் போடுங்கள். இணைப்பைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு, பேசுவதற்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை. என் பெயரைப் போட்டால் எஸ்டேட் எது, ஆள் யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம். கடிதம் நீண்டுவிட்டது, இடத்துக்குத் தக்கபடி சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் 4, 5, 10, 18, 19 தலைகீழ்க் கணக்கு என்பதையும், இது நோய் இல்லை என்பதையும், அந்த போன் நம்பரையும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் செவிலியர்,
கட்டபெட்டு, நீலகிரி மாவட்டம்.